கருவூலப் பணத்துக்கும் முறைத்தண்ணி வேணுங்க: கார்டானோவுல நிதி கேக்கறதுக்கு முன்னாடி

தறிச்சத்தம்:
கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து 5 பேர் குழு ஒண்ணு கார்டானோ பிளாக்செயினோட பொதுக் கருவூலத்துல நிதி கேக்க வரைவு போட்டிருக்குது. வேலை இதுதான்: கார்டானோவுல தானா ஓடற காண்ட்ராக்ட் எழுதற ஐகென் மொழியில ஓப்பன் சோர்ஸ் நூலகம் ஒண்ணு (எஸ்க்ரோ, அதாவது நடுவுல பிடிச்சு வெக்கற பணம், தவணைப் பணம், பல கையெழுத்து உட்பட 5 காண்ட்ராக்ட்கள்), அதுக்கு முழுத் தமிழ்க் கையேடு, அப்புறம் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் 4 ஊர்ல 2 நாள் பயிற்சி. 9 மாச வேலை. கணக்கு இப்படி:

டெவலப்பர் 2 பேர், மாசம் ₹1,10,000 வீதம்: ₹19,80,000
தமிழ்க் கையேடு எழுதறவர், மாசம் ₹45,000: ₹4,05,000
பாதுகாப்பு ஆடிட்: ₹6,00,000
பயிற்சி 4 ஊர், ஊருக்கு ₹60,000: ₹2,40,000
நிர்வாகம்: ₹1,50,000
மொத்தம்: ₹33,75,000

கார்டானோவோட நாணயமான ஆடா ஒண்ணு ₹50-ன்னு ஒரு பேச்சுக்கு வெச்சா 67,500 ஆடா. மூணு கேள்விங்க. நேரா கருவூலத்துக்கே போலாமா? தொகையை ஆடாவுல எழுதறதா, ரூபாயிலயா? வந்த பணம் யார் கையில இருக்கணும்? தயங்காம பிரிச்சு மேயுங்க.

கீழ்பவானி_மதகு:
முதல் கேள்விக்கு விடை உங்க வரைவுலயே இருக்குதுங்க. கேக்கற தொகையை விட டெபாசிட் பெருசு.

கருவூலத்துல இருந்து பணம் எடுக்கற முன்மொழிவைச் சங்கிலியில (பிளாக்செயின்ல) போடறதுக்கு 1,00,000 ஆடா டெபாசிட் கட்டணும். ஜெயிச்சாலும் தோத்தாலும் அது திரும்பி வந்துரும். ஆனா முன்மொழிவோட ஆயுசு 6 எபோக், எபோக்குக்கு 5 நாள், ஆக 30 நாளைக்கு ஒரு லட்சம் ஆடா முடங்கிக் கிடக்கும். 67,500 வாங்கறதுக்கு ஒரு லட்சத்தைக் கடன் வாங்கிக் கட்டறது கணக்குக்கு ஆகாது. உங்க அளவுக்கு கார்டானோவோட கேட்டலிஸ்ட் திட்டம் மாதிரி சின்ன நிதிச் சுற்றுதான் சரி. நேரடி வழி வேணும்னா இதே மாதிரி பத்து வேலை சேர்ந்து ஒரே நிர்வாகி மூலமாப் போகணும். அப்பவும் பத்துல ஒருத்தர் மேல டிரெப்களுக்கு (மத்தவங்க ஒப்படைச்ச ஓட்டைப் போடற பிரதிநிதிகளுக்கு) நம்பிக்கை இல்லைன்னா பத்தும் விழும்.

எந்த வழியில போனாலும் ஓட்டுக் கணக்கு தெரிஞ்சிருக்கணும், ஏன்னா சின்னச் சுற்றுக்குப் பணம் வர்றதே பெரிய கருவூல ஓட்டு மூலமாத்தான். கார்டானோவோட ஆட்சி விதியான சிஐபி-1694 படி மூணு தரப்பு: டிரெப், பரிவர்த்தனைகளைச் சரிபாக்கற ஸ்டேக் பூல் நடத்துறவங்க, அரசியலமைப்புக் குழு. கருவூலப் பணம் எடுக்கற விஷயத்துல பூல்காரங்களுக்கு ஓட்டு கிடையாது. டிரெப் பக்கம் 67%, குழுவுல மூணுல ரெண்டு பங்கு வேணும். குழு பாக்கறது அரசியலமைப்புக்கு ஒத்து வருதாங்கறதை மட்டும். வேலை நல்ல வேலையாங்கறது அவங்க கேள்வியில்ல.

இந்த 67% எதுல 67% அப்படிங்கறதுலதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க. ‘நடுநிலை’ன்னு பதிவு பண்ணின ஸ்டேக் (ஓட்டு எடையா நிக்கற ஆடா) கணக்குல இருந்தே போயிரும். ஓட்டே போடாத டிரெப்போட ஸ்டேக் போகாது, அது ‘வேண்டாம்’ பக்கம் நிக்கற மாதிரி. உதாரணத்துக்கு, நடப்புல உள்ள ஸ்டேக் 500 கோடி ஆடா, அதுல 100 கோடி நடுநிலைன்னு வைங்க. மீதி 400 கோடி. 67%-க்கு 268 கோடி வேணும். ஆமா 250 கோடி, வேண்டாம் 20 கோடி, வாயே திறக்காதவங்க 130 கோடின்னா? ஆமா பன்னிரண்டு மடங்குக்கு மேல இருந்தும் 62.5%-ல தோத்துரும். அதனால எதிர்ப்பாளரைச் சமாதானம் பண்ணப் போற நேரத்துல தூங்கற டிரெப்பை எழுப்புங்க. 20 எபோக், அதாவது 100 நாள், ஒரு ஓட்டும் போடாத டிரெப் தானா கணக்குல இருந்து விலகிருவாங்க. அதுவரைக்கும் அவங்க மௌனம் உங்க தலை மேலதான்.

சிறுவாணி:
ஒரு காசு ஒரு ஓட்டு. இதுக்குப் பேரு சமுதாய ஆட்சியாங்க? ஊர் நோம்பிக்கு தலைக்கட்டு வரி போடறோம். மில்லு வெச்சிருக்கறவரும் ஒரு தலைக்கட்டு, ஆடு மேய்க்கறவரும் ஒரு தலைக்கட்டு. பொதுப்பணத்துக்கு அதுதான முறை?

பவர்டேபிள்:
தலைக்கட்டு வரி நடக்குதுன்னா காரணம், எந்த வீடு எந்தத் தலைக்கட்டுன்னு ஊருக்கே தெரியும். ராத்திரியோட ராத்திரியா ஒருத்தர் நூறு தலைக்கட்டு ஆக முடியாது. இங்க முடியும். புது வாலட் (நாணயம் வெக்கற கணக்கு) திறக்க நிமிஷம் போதும்.

கணக்குப் போட்டே பாருங்க. ஓட்டு எடையை வர்க்கமூலத்துல எண்ணற முறை இருக்குது, கிட்காயின்ங்கற நிதித் தளத்தோட பங்கீட்டுல வந்த யோசனைக்கு ஒட்டின முறை. 10,000 காசு ஒரே வாலட்ல இருந்தா 100 ஓட்டு. அதையே 100 வாலட்டாப் பிரிச்சு 100 காசு வீதம் போட்டா வாலட்டுக்கு 10 ஓட்டு, மொத்தம் 1,000. ஏழைக்குன்னு கொண்டு வந்த முறை ஏமாத்தறவனுக்குப் பத்து மடங்கு லாபம் கொடுக்குது. ஆளை அடையாளம் காட்ட வழி பண்ணாம தலை எண்ணற முறை எதையும் பணத்துக்குப் பக்கத்துல விடக் கூடாது.

காசுக்கு ஓட்டுங்கறது சாயப்பட்டறைக்காரங்க பொதுச் சுத்திகரிப்பு நிலையம் மாதிரி. விடற தண்ணிக்குத் தக்கபடி பங்கு, பங்குக்குத் தக்கபடி பேச்சு. நியாயமான்னு கேட்டா சண்டை போடலாம். ஆனா ஏமாத்தறது கஷ்டம்.

போல்காடாட்ங்கற இன்னொரு சங்கிலியில நடுவுல ஒரு வழி வெச்சிருக்காங்க. காசை எத்தனை நாள் பூட்டி வெக்கறீங்களோ அதுக்குத் தக்க எடை. பூட்டாம போட்டா 0.1 மடங்கு, 7 நாள் பூட்டினா 1 மடங்கு, 224 நாள் பூட்டினா 6 மடங்கு. முடிவோட பலனை அனுபவிக்கறவரைக்கும் ஓடிப்போக முடியாது. சிறுவாணிக்கு இது ஓரளவு பிடிக்கும்னு நினைக்கறேன்.

சிறுவாணி:
6 மடங்கு எடைக்கு 224 நாள் காசைப் பூட்டி வெக்க முடிஞ்சவன் யாருங்க? மில்லுக்காரர்தான். ஆனா வாலட் பிரிக்கற கணக்கு சரிதான், ஒத்துக்கறேன்.

ஆட்டுக்கல்:
ஓட்டு எடை எப்ப எண்ணப்படுதுங்கறதும் முக்கியம். பீன்ஸ்டாக்ங்கற நிதி நெறிமுறையில 2022 ஏப்ரல் 17 நடந்த சம்பவம் அதுதான். ஃபிளாஷ் லோன்ல, அதாவது ஒரே பரிவர்த்தனைக்குள்ள கடன் வாங்கி அதே பரிவர்த்தனையில திருப்பற முறையில, ஒருத்தர் ஓட்டுப் பெரும்பான்மையை எடுத்துக்கிட்டு, தானே போட்டு வெச்ச முன்மொழிவை அவசர வழியில நிறைவேத்திட்டார். நெறிமுறைக்கு நஷ்டம் சுமார் 18 கோடி டாலர். கோடுல பிழைன்னு சொல்ல முடியாது. விதியே அப்படி: ஓட்டு எடை அந்த நொடியில எண்ணப்பட்டுது, நிறைவேறினதும் காத்திருப்பு இல்லாம ஓடிச்சு. கார்டானோவுல டிரெப் எடை எபோக் எல்லையில எண்ணப்படறதால இந்தக் கதவு சாத்தியிருக்குது.

ஆனா கடன் வாங்காம சொந்தக் காசுலயே அமுக்கற வழி எங்கயும் திறந்துதான் இருக்குது. 2024 ஜூலையில காம்பவுண்ட்ங்கற கடன் நெறிமுறையில 289-ஆம் முன்மொழிவு: 4,99,000 காம்ப் (அதோட நாணயம்), அன்னைக்கு மதிப்புக்கு சுமார் 2.4 கோடி டாலர், ஒரு குழு நடத்தற பெட்டகத்துக்குப் போகணும்னு கேட்டாங்க. 6,82,191-க்கு 6,33,636-ன்னு ஜெயிச்சுது. வித்தியாசத்தைப் பாருங்க, அம்பதாயிரத்துக்குள்ள. நிறைவேறினதுக்கும் பணம் நகர்றதுக்கும் நடுவுல 2 நாள் காத்திருப்பு இருந்ததால பேச்சுவார்த்தைக்கு இடம் கிடைச்சு, கடைசியில கைவிட்டாங்க. காத்திருப்பு மட்டும் இல்லைன்னா பேச ஒண்ணுமே இருந்திருக்காது.

பவர்டேபிள்:
ரெண்டாம் கேள்விக்கு வாரேன். ₹50-ல 67,500 ஆடா. விலை ₹30 ஆனா கையில ₹20,25,000. பள்ளம் ₹13,50,000, அதாவது டெவலப்பர் சம்பளத்துல ஆறு மாசம். டாலர் ஆர்டருக்கு வங்கியில ஃபார்வர்டு போட்டு விலையை முன்கூட்டியே பூட்டி வெக்கற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்ல. சின்னக் குழுவுக்கு ஆடாவுல அப்படி ஒரு வசதி கிடையாது.

கேட்டலிஸ்ட் முதல்ல டாலர்ல நிதி அறிவிச்சுட்டு, 10-ஆவது சுற்றுல ஆடாவுக்கு மாறுச்சு. ஆடாவுல அறிவிச்சா விலை ஏற்ற இறக்கம் மொத்தமும் வேலை செய்யறவங்க தலையில. போல்காடாட் கருவூலம் டாலர் மதிப்போட கட்டின நிலைநாணயங்களையும் வெச்சுக்கிட்டுச் சம்பளத்தை அதுல கொடுக்குது. அதுவே சரியான வழி. ஆனா அங்கயும் 2024 முதல் பாதியில சுமார் 8.7 கோடி டாலர் செலவாயி, அதுல 3.7 கோடிக்குக் கிட்ட விளம்பரத்துக்குப் போச்சுன்னு அறிக்கை வந்தப்ப பெரிய சண்டை. இந்த வேகத்துல போனா இருப்பு ரெண்டு வருஷம்தான் தாங்கும்னு கணக்கு. பணம் எந்த நாணயத்துல இருந்தாலும் மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு வேணும்.

கார்டானோ அதை நிகர மாற்ற வரம்புன்னு வெச்சிருக்குது. 2025-க்கு 35 கோடி ஆடா. அந்தக் காலத்துல எல்லா எடுப்பும் சேர்ந்து இதுக்குள்ள. கருவூலத்துக்கு வரத்து எபோக்குக்கு ஒருக்கா: இன்னும் வெளியிடாத மீதி இருப்புல இருந்து 0.3%, அதோட பரிவர்த்தனைக் கட்டணம், ரெண்டும் சேர்ந்ததுல 20% கருவூலத்துக்கு. மொத்த நாணயமே 4,500 கோடிதான். இருப்பு குறையக் குறைய வரத்தும் வத்தும். வரம்பை ஏத்தணும்னு கேக்கறவங்க இந்த வரியை மட்டும் தாண்டிப் போயிடறாங்க.

கீழ்பவானி_மதகு:
வரத்து வத்தற பேச்சு வந்ததால சொல்றேன். உங்க வரைவுல இல்லாத ஒரு பக்கம் இருக்குதுங்க: பணம் பத்தலைன்னா எதை நிறுத்துவீங்க?

கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். மொத்தமும் ஒரே போகத்துல நனையாது. ஒரு பருவம் ஒற்றைப்படை மதகு, அடுத்த பருவம் இரட்டைப்படை மதகு. பிஏபி-யில (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்துல) 4 மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சிருக்காங்க. அணையில தண்ணி கம்மியானா யாருக்கு முதல்லங்கற சண்டை முழுசா நின்னு போகல, ஆனா முறைங்கறது முன்னாடியே எழுதியிருக்கறதால அடுத்து யாருங்கறதுக்கு விடை இருக்குது. நிதி முன்மொழிவுல 15% பஃபர் வெச்சுட்டுப் போதும்னு நினைக்கறாங்க. 15% பஃபர் தாங்கறது ₹50-ல இருந்து ₹43.50 வரைக்கும்தான். ஆடா அதை ஒரே வாரத்துல தாண்டும்.

அதனால வெட்டு வரிசையை முன்மொழிவுலயே எழுதுங்க. உங்க வேலைக்கு நான் வெக்கற வரிசை: ₹43-க்குக் கீழ போனா கடைசி ரெண்டு ஊர்ப் பயிற்சி நிக்கும். ₹38-க்குக் கீழ போனா மீதி ரெண்டு ஊரும் இணையவழிக்கு மாறும், காண்ட்ராக்ட் எண்ணிக்கை அஞ்சுல இருந்து மூணாகும். ₹32-க்குக் கீழ போனா கையேடு மூணு காண்ட்ராக்டுக்கு மட்டும், டெவலப்பர் ஒருத்தர். சோதனைகளும் வெளி ஆள் பரிசோதனையும் எந்த விலையிலயும் வெட்டக் கூடாது. மதகு நம்பர் போட்ட மாதிரி விலை நம்பர் போட்டுட்டா, டிரெப் ஒருத்தர் ‘விலை விழுந்தா என்ன பண்ணுவீங்க’ன்னு கேக்கறப்ப பதில் ஏற்கனவே சங்கிலியில இருக்கும்.

சிறுவாணி:
எழுதிட்டா ஆச்சா? மதகைத் திறக்கறது லஸ்கர். சாவி அவர் கையில. இங்க லஸ்கர் யாரு?

ஆட்டுக்கல்:
அதுதான் மூணாவது கேள்வி. சாவி ஒருத்தர்கிட்ட இருந்தா ஓட்டுக்கே அர்த்தமில்ல. ஆர்பிட்ரம்ங்கற சங்கிலியில 2023-ல முதல் முன்மொழிவு, அதோட நாணயமான ஆர்ப் 75 கோடி அறக்கட்டளைக்குன்னு போச்சு. ஓட்டு நடக்கும்போதே அதுல 5 கோடி நகர்ந்திருச்சுன்னு தெரிய வந்து, இது ஒப்புதலுக்குக் கேட்ட ஓட்டு இல்ல, சடங்குக்குக் கேட்ட ஓட்டுன்னு ஊரே கொதிச்சு, அதைத் தோற்கடிச்சாங்க. பிறகு துண்டு துண்டாப் பிரிச்சு மறுபடி கொண்டு வந்தாங்க.

5 பேர் குழுவுக்கு 5-ல 3 கையெழுத்து சரி. 2-ன்னா ரெண்டு பேர் சேர்ந்து எடுத்துரலாம், 4-ன்னா ஒருத்தர் ஊர்ல இல்லாதப்ப இன்னொருத்தர் போன் தொலைஞ்சா சம்பளம் நிக்கும். அஞ்சு சாவியும் ஒரே ஆபீஸ், ஒரே அலமாரின்னா அது அஞ்சு சாவி இல்லைங்க, ஒண்ணு. வன்பொருள் வாலட் ரெண்டு வேற வேற வகையா வாங்கிக்கங்க. குழுவுக்கு வெளிய ஒருத்தரை, கூடுமானா அக்கட்டால ஊர்க்காரரை, கையெழுத்தாளரா சேருங்க.

இப்பச் சொல்றது யாரும் முன்னாடி யோசிக்காத இடம். கார்டானோவுல நேட்டிவ் ஸ்கிரிப்ட் (சங்கிலியிலயே உள்ள எளிய விதி) பல கையெழுத்து முகவரி அந்த அஞ்சு சாவியில இருந்தே உண்டாகுது. ஒரு ஆளை மாத்தினா முகவரியே மாறிப்போகும். பழைய முகவரிக்கு மைல்கல் பணம் (வேலைக் கட்டத்துக்குக் கட்டம் வர்ற தவணை) வந்துட்டே இருக்கும், விலகினவர் சாவியும் அதுல உயிரோட இருக்கும். எனவே ஆள் மாறினா என்ன செய்யறதுங்கற வரி ஒப்பந்தத்துல கட்டாயம் வேணும்: எத்தனை நாள்ல புது முகவரி, யார்கிட்ட அறிவிக்கறது, பழசுல இருக்கற பணத்தை எப்ப நகர்த்தறது.

நேரடிக் கருவூல வழின்னா இன்னொண்ணு. பணம் போறது சாதாரண முகவரிக்கு இல்ல, ஸ்டேக் கணக்குக்கு (வெகுமதி சேர்ற கணக்கு). அந்தக் கணக்கு முன்னாடியே சங்கிலியில பதிவாகியிருக்கணும். 2025 ஜனவரி 29 பிளோமின் மேம்பாட்டுக்கு அப்புறம், சாவி வகைக் கணக்குல வெகுமதியை எடுக்கணும்னா ஏதாவது டிரெப்புக்கோ, ‘எப்பவும் நடுநிலை’க்கோ ஓட்டை ஒப்படைச்சிருக்கணும். இல்லைன்னா பணம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது.

முகவரித் தப்புக்கு ரெண்டு பாடம். 2022-ல ஜூனோ சங்கிலியில ஓட்டு மூலமா நகர்த்தின சுமார் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் யாராலயும் எடுக்க முடியாத இடத்துக்குப் போச்சு. காரணம், வாலட் முகவரிக்குப் பதிலா பரிவர்த்தனை ஹாஷை (கைரேகை மாதிரி அடையாளக் குறியை) ஒட்டிட்டாங்க. அதே வருஷம் எதீரியம் மேல ஓடற ஆப்டிமிசம் சங்கிலி தன் நாணயமான ஓபி 2 கோடி அனுப்பினப்ப, கொடுக்கப்பட்ட பல கையெழுத்து முகவரி எதீரியத்துல இருந்துது, ஆப்டிமிசத்துல இன்னும் நிறுவப்படல. வேற ஒருத்தர் முந்திக்கிட்டு அங்க நிறுவிட்டார். முழுத் தொகை அனுப்பறதுக்கு முன்னாடி 2 ஆடா அனுப்பி, அதை அந்தப் பக்கம் மூணு கையெழுத்தோட வெளிய எடுத்துக் காட்டணும். வந்து சேர்ந்தா மட்டும் போதாது, எடுக்க முடியுதான்னு பாக்கணும்.

எழுத்தாணி:
முன்மொழிவைத் தமிழிலும் போடுவீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். சங்கிலியில் ஆவணம் ஏறாது. ஆவணம் இருக்கும் இணைப்பும், அதன் பிளேக்2பி-256 ஹாஷும் மட்டுமே ஏறும். ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் பொருந்தாது. பார்வையிடும் தளங்கள் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று காட்டும்.

தமிழில் இதற்குத் தனிச் சிக்கல் உண்டு. ‘கோவை’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஹாஷுக்கு வேறு. ஒருவர் கணினியில் தட்டி, இன்னொருவர் வேறு செயலியில் திறந்து சேமித்தால், ஒரு சொல்லும் மாறாமலேயே ஹாஷ் மாறக்கூடும். ஒகரம், ஔகாரம் இரண்டுக்கும் இதே கதை. எனவே ஆவணம் முடிந்ததும் குறிகளைச் சீராக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை மாற்றி, பொதுக் கோப்புச் சேமிப்பான ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றி, ஏற்றியதையே மறுபடி இறக்கி அதிலிருந்து ஹாஷ் எடுங்கள். கையில் இருக்கும் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

தலைப்புக்கு 80 எழுத்து, சுருக்கத்துக்கு 2,500 எழுத்து என்ற வரம்பு, முன்மொழிவு ஆவணத்துக்கான விதியான சிஐபி-108-இல் இருக்கிறது. கருவிகள் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை. ‘கார்டானோ’ நமக்கு நான்கு எழுத்து, கருவிக்கு எட்டு. தமிழ்த் தலைப்பை முப்பத்தைந்து, நாற்பது எழுத்துக்குள் அடக்குங்கள்.

தறிச்சத்தம்:
கார்டானோவை விரல் விட்டு எண்ணிப் பாத்தேனுங்க. கா, ர், டா, னோ நாலுதான், குறியாப் பிரிச்சா எட்டேதான்.

கணக்குப்புள்ள:
யாரும் வருமான வரியைத் தொடல, நான் தொடறேன்.

சங்கமாப் பதிவு பண்ணலாம்னு யோசிச்சா, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-க்கு 7 பேர் வேணும். உங்ககிட்ட 5. எல்எல்பி-க்கு (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மைக்கு) 2 பேர் போதும், இந்த மாதிரி சம்பள வேலைக்கு அதுதான் பொருந்தும். ஒண்ணும் பதிவு பண்ணாம ஒருத்தர் பேர்ல பணம் வாங்கினா முழுத்தொகையும் அவர் பான் கார்டுல வருமானமா நிக்கும். அஞ்சு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தேன்னு பிறகு நிரூபிக்கறது அவர் பாடு.

வேலைக்குக் கூலியா ஆடா வந்தா, வந்த நாள் மதிப்பு வருமானம். அதை வித்தா, வந்த நாள் மதிப்புக்கு மேல கிடைச்ச லாபத்துக்கு 30%, அதும்மேல 4% செஸ், ஆக 31.2%. நஷ்டம் வந்தா எதோடயும் கழிக்க விடமாட்டாங்க, அடுத்த வருஷத்துக்கும் கொண்டு போக முடியாது. 14,000 ஆடா ₹50-ல வந்தா வருமானம் ₹7,00,000. வெச்சிருந்து ₹40-ல வித்தா கையில ₹5,60,000, ஆனா வரி ₹7,00,000 வருமானத்துக்கு. ₹60-ல வித்தா ₹1,40,000 லாபம், அதுல ₹43,680 போகும். ஏறினா அரசாங்கம் பங்கு கேக்கும், இறங்கினா நீங்க தனியா நிக்கணும். எனவே சம்பளத்துக்கு உண்டான ஆடாவை வந்த அன்னைக்கே, நிதி நுண்ணறிவுப் பிரிவுல பதிவான எக்ஸ்சேஞ்சுல மாத்திருங்க. விக்கறப்ப 1% டிடிஎஸ் பிடிப்பாங்க, அது வரிக்கணக்குல திரும்ப வரும், ஆனா அதுவரைக்கும் ரொக்கம் குறையும். ஜிஎஸ்டி பத்தி எல்எல்பி ஆரம்பிக்கறப்பவே ஆடிட்டரோட உக்காந்து முடிவு பண்ணிக்கங்க, முதல் பணம் வந்ததுக்கு அப்புறம் இல்ல.

பவர்டேபிள்:
கணக்குப்புள்ள அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன், பில் பாஸ் ஆகற நாள். டெவலப்பர் ரெண்டு பேர், எழுதறவர் ஒருத்தர், மாசம் ₹2,65,000. முதல் மைல்கல்லை ரெண்டு மாசத்துல முடிச்சு, பரிசீலனைக்கு ஒரு மாசம் போனா, பணம் வர்றதுக்குள்ள ₹7,95,000 கைக்காசு. பணம் பத்தாம நிக்கற குழுக்கள்ல பல ஓட்டுல தோத்ததுங்க இல்ல, ஜெயிச்சுட்டு இந்த மூணு மாசத்தைத் தாண்ட முடியாததுங்க. முதல் மைல்கல்லை நாலே வாரத்துல முடியற மாதிரி சின்னதா வைங்க.

கீழ்பவானி_மதகு:
மைல்கல்லை எழுதற விதமும் அதே மாதிரிதான். ‘டெவலப்பர்கள் மத்தியில் விழிப்புணர்வு’ன்னு எழுதினா பரிசீலிக்கறவர் என்னத்தைப் பாத்துச் சரின்னு சொல்வார்? ‘பதிப்பு 0.1, எஸ்க்ரோ காண்ட்ராக்ட், குறைஞ்சது 25 சோதனை, பிரீபிராட் டெஸ்ட்நெட்டில் (சோதனைச் சங்கிலியில்) பூட்டல், விடுவிப்பு, காலாவதி மூன்றுக்கும் பரிவர்த்தனை ஹாஷ்’னு எழுதுங்க. பயிற்சிக்கு வந்தவங்க படமும் கையெழுத்துத் தாளும் சாட்சி இல்லைங்க, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவங்களும் அதுல இருப்பாங்க. ஊருக்கு எத்தனை பேர் தன் கையால டெஸ்ட்நெட்ல காண்ட்ராக்ட் ஏத்துனாங்க, அந்த ஹாஷ் எத்தனை. அதை வைங்க.

ஆடிட் ₹6,00,000 எதுக்குங்க? நூலகம் மெயின்நெட்ல (நிஜப் பணம் ஓடற சங்கிலியில) பணம் பூட்டற செயலி இல்ல. அந்தத் தொகைக்கு முழு ஆடிட்டும் கிடைக்காது, அரைகுறை ஆடிட்டுக்கு அது அதிகம். வெளி ஆள் ஒருத்தர் 15 நாள் கோடு பாக்கட்டும். மிச்சத்தை முடிஞ்சதுக்கு அப்புறம் 6 மாசப் பராமரிப்புக்கு வைங்க.

தறிச்சத்தம்:
எல்லாத்தையும் சேர்த்துத் திருத்தினது:

டெவலப்பர் ₹19,80,000, கையேடு ₹4,05,000, ரெண்டும் பழசுதான். வெளிப் பரிசோதனை 15 நாள், நாளுக்கு ₹12,000: ₹1,80,000. பராமரிப்பு 6 மாசம், மாசம் ₹40,000: ₹2,40,000. பயிற்சி ஊருக்கு மண்டபம் ரெண்டு நாள் ₹16,000, சாப்பாடு 40 பேருக்கு ரெண்டு நாள் ₹12,000, போக்குவரத்து ₹6,000, இணையம் ₹3,000, ஆக ₹37,000. 4 ஊருக்கு ₹1,48,000. எல்எல்பி, கணக்கு, ஆடிட்டர் ₹1,50,000. கூட்டினா ₹31,03,000. 15% பஃபர் ₹4,65,450. மொத்தம் ₹35,68,450, ₹50 விலையில 71,400 ஆடான்னு முழுசாக்கியாச்சு.

முதல் மைல்கல் 4 வாரம், 20%: 14,280. அடுத்த ரெண்டும் 25%: 17,850 வீதம். நாலாவது 15%, பராமரிப்பு முடிஞ்சதும் கடைசி 15%: 10,710 வீதம். வெட்டு வரிசை மதகு அண்ணன் சொன்ன விலையிலயே. கையெழுத்து 5-ல 3, ஒருத்தர் வெளி ஆள். மிஞ்சற பஃபரைக் கருவூலத்துக்கே திருப்பிரலாம்னு எழுதியிருக்குது. அதுக்கு வழி இருக்குதுங்களா?

ஆட்டுக்கல்:
இருக்குது. பரிவர்த்தனையிலயே கருவூல நன்கொடைன்னு ஒரு புலம் இப்ப உண்டு. தொகையைப் போட்டா அந்த எபோக் முடிவுல நேரா கருவூலத்துல சேர்ந்துரும், நடுவுல யார் வாலட்டுக்கும் போக வேண்டியதில்ல. எல்லா வாலட்டும் அதைக் காட்டாது, கட்டளை வரியில செய்ய வேண்டி வரலாம்.

பவர்டேபிள்:
முதல் மைல்கல் 14,280 ஆடா, ₹50-ல ₹7,14,000. நாலு வாரம் வேலை, நாலு வாரம் பரிசீலனைன்னா ₹5,30,000 முன்பணம் வேணும். அதை யார் போடறாங்க, எப்ப திருப்பறதுன்னும் குழுவுக்குள்ள எழுதி வெச்சுக்கங்க.

சிறுவாணி:
₹38-க்குக் கீழ போனாங்கறீங்க. எந்த நாள் விலை, எந்த எக்ஸ்சேஞ்சு விலை? மைல்கல் பணம் வந்த நாளா, முந்தின 7 நாள் சராசரியா? இதை எழுதலைன்னா சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

கீழ்பவானி_மதகு:
நல்ல கேள்விங்க. முந்தின 7 நாள் முடிவு விலையோட சராசரி, ரெண்டு எக்ஸ்சேஞ்சு பேரை எழுதி ரெண்டுக்கும் நடுவுல உள்ளது. ஒரு எக்ஸ்சேஞ்சு மூடிட்டா மத்தது மட்டும்.

தறிச்சத்தம்:
சேர்த்தாச்சு. ஆவணத்தை இன்னைக்கு ராத்திரி ஏத்தறோம்.

எழுத்தாணி:
ஏற்றிய பிறகு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால், அந்தக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்துவிடாதீர்கள். புதுக் கோப்பு, புது இணைப்பு, புது ஹாஷ்.